மாமியார் கொல்லையும் மாப்பிள்ளை பிளானும்

சோம்பேறிகளுக்கும் தோட்டம் போட உரிமை உண்டு என்பது என் கட்சி. இந்தக் கட்சியில் தலைவர், செயலாளர், பொருளாளர், தொண்டர் எல்லாம் நான் ஒருத்தன்தான்.

இருபத்துநாலு வருஷம் வளைகுடாவில் கணக்கு எழுதிவிட்டு 2017-ல் அதிராம்பட்டினத்துக்கே திரும்பி வந்தேன். சபர் முடிந்து வந்தவனுக்கு (வெளிநாட்டுப் பிழைப்பை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்) முதல் மூன்று மாதம் ராஜ மரியாதை. நாலாவது மாதம், "காலையில அப்படியே மீன் வாங்கிட்டு வந்துடுங்க" என்று ஆரம்பிக்கும். ஆறாவது மாதம், "சும்மாதானே இருக்கீங்க?" என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு நான் கண்டுபிடித்த பதில்தான் மூலிகைத் தோட்டம்.

இங்கே ஒரு குடும்ப விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். கல்யாணத்தில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது எங்கள் பக்கத்தில் பல குடும்பங்களில் வழக்கம். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குடிவர வேண்டும். ஆகவே நான் இருப்பது மனைவி வீடு. கொல்லை, மாமியார் ஆட்சி.

கல்யாணமாகி இருபத்தேழு வருஷமாக மாமி என்னிடம் நேருக்கு நேர் பேசியதே இல்லை. கோபமெல்லாம் கிடையாது, மரியாதை! எதுவானாலும் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு மகளிடம் சொல்வார். "புள்ள... மாப்பிள்ளையைச் சாப்பிட வரச் சொல்லு." பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு நன்றாகவே கேட்கும். இருந்தாலும் என் மனைவி அதை ஒரு தடவை திருப்பிச் சொன்னால்தான் எனக்குச் சொன்னதாகக் கணக்கு.

2018 நவம்பர் 16, விடியற்காலம். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, எங்கள் ஊர்ப் பக்கமெல்லாம் தென்னந்தோப்புகள் சாய்ந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் கொல்லையில் ஒன்பது தென்னை. விடிந்து பார்த்தால் நிற்பது இரண்டு. கதவுக்குப் பின்னாலிருந்து மாமி, "ஏழு பிள்ளைங்க போயிடுச்சு புள்ள" என்றார். தென்னம்பிள்ளை என்று ஏன் சொல்கிறோம் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

நிழல் போன கொல்லையில் வெயில் கொட்டியது. நான் கிராஃப் பேப்பரும் ஸ்கேலும் எடுத்தேன். தலைப்பு: 'அதிக வேலை வைக்காத, ரசாயனம் கலக்காத மூலிகைத் தோட்டம்'. அதில் 'அதிக வேலை வைக்காத' என்பதை இரண்டு தடவை அடிக்கோடிட்டேன்.

இதற்கு எனக்கு உலகப் பெரியவர்களின் ஆதரவும் இருந்தது. ஜப்பானில் மசானபு ஃபுகுவோகா என்று ஒருவர். உழ வேண்டாம், உரம் போட வேண்டாம், பூச்சிமருந்து வேண்டாம் என்று நெல்லும் பார்லியும் விளைவித்துக் காட்டியவர். 1975-ல் 'ஒற்றை வைக்கோல் புரட்சி' என்று புத்தகமும் எழுதினார். அவருடைய முறைக்கு 'ஒன்றும் செய்யாத விவசாயம்' என்று பெயர். பெயரைக் கேட்டவுடனேயே எனக்குப் பிடித்துவிட்டது!

நம் பக்கத்தில் இயற்கை விவசாயத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் நம்மாழ்வார். இதே தஞ்சை மாவட்டத்து இளங்காட்டில் பிறந்தவர். கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் பார்த்த அரசாங்க உத்தியோகத்தை 1969-ல் உதறியவர். மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர்களில் பேச வந்த இடத்தில், பட்டுக்கோட்டைக்குப் பக்கத்து அத்திவெட்டியில், 2013 டிசம்பர் 30 அன்று காலமானார். இத்தனை பெரியவர்கள் பின்னால் நிற்கிறார்கள் என்ற தைரியத்தில் நான் அரிவாளை எடுக்கச் சொன்னேன்.

ஆமாம், பிளானில் முதல் வேலை 'புதரை ஒழித்தல்'. வேலியில் சதுரத் தண்டாக ஏதோ ஒரு கொடி. ஓரத்தில் முட்கொடி. ஆள் உயரத்துக்குச் செடிகள். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் கோணல்மாணலாக ஒரு சின்ன மரம். இரண்டு ஆள், அரை நாள். கொல்லை துடைத்த சிலேட்டு மாதிரி ஆகிவிட்டது. மாமி கதவருகே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "புள்ள... மாப்பிள்ளை வெயில்ல நிக்கிறாங்க, மோர் கொடு" என்றார். அவ்வளவுதான்.

மோரைக் கொண்டுவந்த என் மனைவி துவைக்கிற கல்லைப் பார்த்தாள். மோரைக் கீழே வைத்தாள். மூன்று நாள் பேசவில்லை.

நாலாம் நாள் சொன்னாள்: "அது மருதாணி. நான் பொறந்த வருஷம் உம்மா நட்டது. நம்ம கல்யாணத்துக்கு அதுலதான் இலை பறிச்சு அரைச்சு என் கையில வெச்சாங்க."

எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"மாப்பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றதுன்னு உம்மா சும்மா இருந்துட்டாங்க."

நாற்பத்தெட்டு வருஷத்து மரம். என் கிராஃப் பேப்பரில் அந்த இடத்தில் 'நாற்காலி போட' என்று எழுதியிருந்தேன்.

குற்ற உணர்ச்சியோடு தோட்டத்தை நட்டேன். பட்டுக்கோட்டையில் வாங்கிய முப்பத்திரண்டு கன்றுகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் தகரத்தில் பெயர்ப்பலகை வேறு! பிறகு ஃபுகுவோகா முறைப்படி ஒன்றும் செய்யாமல் இருந்தேன். இந்த ஒரு வேலையை நான் திருத்தமாகச் செய்தேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எங்கள் ஊர் உப்பளத்து ஊர். சித்திரை பிறந்தால் எங்கள் கிணற்றுத் தண்ணீரே கரிக்கும். நானோ மண்ணை மொட்டையடித்து வெயிலில் காயப்போட்டிருந்தேன். அடியிலிருக்கும் ஈரத்தை வெயில் மேலே இழுக்கும். தண்ணீர் ஆவியாகும். உப்பு மட்டும் தங்கிவிடும். உப்பளத்தில் நடப்பதும் கிட்டத்தட்ட இதே கதைதான். சித்திரைக் கடைசியில் மண்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. முதலில் வல்லாரை போயிற்று. அப்புறம் வரிசையாக ஒவ்வொன்றாக ஆப்சென்ட்.

உப்புக்குத் தப்பியதை ஆடுகள் பார்த்துக்கொண்டன. வேலிக்கொடியைத்தான் நான் ஒழித்துவிட்டேனே, தெரு ஆடுகள் கல்யாண வீட்டுக்கு வருவது போல வந்தன. பெயர்ப்பலகை வைத்தது என் தப்பு. மெனு கார்டு என்று நினைத்துவிட்டன!

முப்பத்திரண்டில் மிஞ்சியது ஒன்றே ஒன்று: ஆடாதோடை. ஆடு தொடாத இலை என்பதால்தான் அந்தப் பெயர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சுவீடன் தேசத்து லின்னேயஸ் 1753-ல் இதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தபோதுகூட 'ஜஸ்டீசியா அடதோடா' என்று நம் சொல்லைச் சேர்த்துக்கொண்டார். இதன் இலையிலுள்ள வாசிசின் என்ற சத்தை வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற இருமல் மருந்தைச் செயற்கையாக உருவாக்கினார்கள். இவ்வளவு பெருமையும் எனக்கு அப்புறம்தான் தெரியும். அன்றைக்கு ஆடுகளுக்குத் தெரிந்திருந்தது.

அந்தத் தோல்வியில்தான் ஃபுகுவோகா விஷயத்தை மறுபடி நிதானமாகப் படித்தேன். அவரும் முதலில் அப்பாவின் ஆரஞ்சுத் தோட்டத்தைக் கவாத்து பண்ணாமல் அப்படியே விட்டிருக்கிறார். மரங்கள் செத்துப்போயின! சும்மா விட்டுவிடுவது வேறு, நாம் சும்மா இருக்கும்படியாகத் தோட்டத்தை அமைப்பது வேறு என்று கற்றுக்கொள்ள அவருக்குப் பல வருஷம் ஆயிற்று. இந்த இடத்தை நான் முதல் தடவை தாண்டிக் குதித்திருந்தேன்.

2019 ஐப்பசி. மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் கொல்லைப் பக்கமே போகவில்லை. எட்டாம் நாள் கதவைத் திறந்தால், என் 'சிலேட்டில்' யாரோ எழுத ஆரம்பித்திருந்தார்கள்!

வெட்டிப் போட்ட துண்டிலிருந்து பிரண்டை தலை நீட்டியிருந்தது. முட்கொடி வெட்டிய இடத்தில் தூதுவளை. கட்டையிலிருந்து நொச்சி. விதை விழுந்த இடத்திலெல்லாம் கீழாநெல்லி, குப்பைமேனி. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், நான் வெட்டிய அடிக்கட்டையிலிருந்து ஐந்து தளிர். மருதாணி!

"ஏ... இங்க வா!" என்று மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினேன்.

"மாப்பிள்ளை! அங்க மிதிக்காதீங்க. வல்லாரை வர்ற இடம்."

திரும்பிப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் இல்லை, படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தார் மாமி. இருபத்தேழு வருஷத்தில் எனக்கு நேராகச் சொன்ன முதல் வார்த்தை. நான் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றேன்.

அன்றைக்கு மாமி கையில் ஒரு குச்சியோடு கொல்லையைச் சுற்றிக் காட்டினார். உங்களுக்கும் உபயோகப்படும், கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுக்களை வாசலில் துளசி, கற்பூரவல்லி, கறிவேப்பிலை. "ராத்திரியில பிள்ளை இருமினா, செருப்புப் போடாம எட்டிப் பறிக்கணும்." தினம் வேண்டியது கிட்டே, எப்போதாவது வேண்டியது தூரத்தில்.

அரிசி, காய் கழுவிய தண்ணீர் ஓடும் வழியில் வல்லாரை, பொன்னாங்கண்ணி. தனியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். சோப்புத் தண்ணீர் மட்டும் அந்தப் பக்கம் போகக்கூடாது.

வேலிக்கு வெளிவரிசை ஆடாதோடையும் நொச்சியும். இரண்டையும் ஆடு சீண்டாது. அதன்மேல் பிரண்டையும் முடக்கத்தானும் ஏறிக்கொள்ளும். உள்பக்கம் முள்ளோடு தூதுவளை. வேலியே மருந்து, மருந்தே வேலி.

கடல் காற்று வரும் பக்கம் பூவரசும் வேம்பும். உப்புக் காற்றை அவை வாங்கிக்கொள்ளும். முருங்கை வீட்டை விட்டுத் தள்ளி. காற்றில் ஒடியும், கம்பளிப்பூச்சி வரும். ஒன்றுமே வராத காய்ந்த மூலையில் கற்றாழை.

கடைசியாக, தென்னை மட்டையும் ஓலையும் சருகும் மண்மேல் மூடாக்காக. "மண்ணை வெயிலுக்குக் காட்டாதீங்க மாப்பிள்ளை. காட்டினா உப்பு மேல வந்துடும்." மாமி ஃபுகுவோகாவைப் படித்ததில்லை.

நான் புதர் என்று வெட்டியது, ஐம்பது வருஷத்துப் பிளான். கிராஃப் பேப்பரில் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடுத்த தை மாதம் எனக்கு இருமல். மாமி சொற்படி ஆடாதோடைக் கஷாயம் குடித்தேன். குறைந்தது, மறுபடி வந்தது. நானோ புதிதாக மூலிகைப் பக்தன் ஆனவன், விடாமல் குடித்தேன். மூன்றாவது வாரம் மாமி குரல் கொஞ்சம் கடுமையாக வந்தது. "இலைக்கு ஒரு வாரம் கொடுப்பேன். கேக்கலைன்னா அது டாக்டர் வேலை. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க." இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது அரசாங்கமும் சொல்வதுதான். பரிசோதனையில் காசம் இல்லை என்று வந்தது. வெறும் தூசு ஒவ்வாமை. அந்த நாலு நாள் நான் தூங்கவில்லை, மாமியும் தூங்கவில்லை என்று மனைவி சொன்னாள்.

ஆடாதோடையை வாயும் வயிறுமாக இருக்கும் பெண்களுக்கு மாமி கொடுக்கவே மாட்டார். கருவுக்கு ஆகாது. கண் மஞ்சளித்து வருகிறவர்களுக்கும் கீழாநெல்லியைப் பறித்து நீட்ட மாட்டார். "முதல்ல ரத்தம் பாத்துட்டு வாங்க" என்பார். காமாலைக்குக் காரணம் பல. எது என்று தெரியாமல் இலையை அரைத்துக் குடித்துக்கொண்டே நாளைக் கடத்துவது ஆபத்து. எந்த இலை எதற்கு என்பதைப் பல பேர் சொல்வார்கள். எதற்கு இல்லை என்று சொல்பவரைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

இப்போது வருஷத்தில் எனக்கு இரண்டே வேலை. ஐப்பசி மழையில் போன இடத்துக்கு ஒரு குச்சி ஒடித்து நடுவது. தை கழிந்ததும், வெயில் ஏறுமுன் மூடாக்கு போடுவது. மற்ற நாளெல்லாம் நாற்காலியில்தான். (நாற்காலியை மருதாணியிலிருந்து நாலடி தள்ளிப் போட்டிருக்கிறேன்.) "சும்மாதானே இருக்கீங்க?" என்று மனைவி கேட்டால், "ஆமாம், முறைப்படி" என்கிறேன்.

மாமிக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. போன பெருநாளைக்கு முந்தின இரவு, என் பேத்திக்கு அந்த மருதாணியைத்தான் பறித்து அரைத்து வைத்தார். ஐந்து தளிரும் இன்றைக்கு என் தோளுக்கு மேல். காலையில் சிவந்த கையைத் தூக்கிக்கொண்டு குழந்தை கேட்டது: "இந்த மரத்தை யாரு வெச்சா?"

நான் மெதுவாகப் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

மாமி என்னைப் பார்த்தார். பிறகு பழைய வழக்கப்படி என் மனைவி பக்கம் திரும்பி, எனக்குக் கேட்கும்படியாகச் சொன்னார்:

"சொல்லு புள்ள... நட்டது நான். கவாத்து பண்ணினது மாப்பிள்ளை."