எச்சில் பட்டால் ஒட்டாது

பஞ்சர் கடையில் காத்திருந்தவர்கள் இதைக் கவனித்திருப்பீர்கள். ட்யூபில் ஓட்டையைக் கண்டுபிடித்ததும் கடைக்காரர் உடனே சொல்யூஷனைத் தடவிவிட மாட்டார். முதலில் ஈரத்தைத் துடைப்பார், அப்புறம் அந்த இடத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாகத் தேய்ப்பார். தேய்த்த இடத்தில் யாராவது விரலை வைத்தால் திட்டு விழும்! ஈரமோ எண்ணெயோ பட்டால் ஒட்டு நிற்காது, அடுத்த தெரு தாண்டுவதற்குள் காற்று போய்விடும் என்பது அவருக்குத் தெரியும்.

பல் டாக்டர் செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். என்ன, அவருடைய ட்யூப் இருபத்து நாலு மணி நேரமும் எச்சிலில் ஊறிக்கொண்டே இருக்கிறது :-)

அந்தக் காலத்து வெள்ளி அடைப்பு பல்லோடு ஒட்டுவதில்லை. சொத்தையைச் சுரண்டி, குழியை உள்பக்கம் அகலமாகக் குடைந்து, வெளியே வராதபடி சிக்க வைத்தார்கள். அதற்காக நல்ல பல்லும் கொஞ்சம் பலியானது. 1955-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் மைக்கேல் புவோனகோர் என்ற பல் ஆராய்ச்சியாளர் வேறு மாதிரி யோசித்தார். பெயிண்ட் நன்றாகப் பிடிப்பதற்காக உலோகத்தை முதலில் பாஸ்பாரிக் அமிலத்தால் பதப்படுத்துவது தொழிற்சாலைகளில் வழக்கம். அதையே பல்லுக்குச் செய்தால் என்ன? 85 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தை எனாமல் மீது வைத்துக் கழுவிவிட்டு ரெசினை ஒட்டிப் பார்த்தார். அமிலம் படாத பல்லில் ஒட்டியதைவிட அது எத்தனையோ மடங்கு அதிக காலம் நின்றது. இன்று 35, 37 சதவீத ஜெல்லை அரை நிமிடத்துக்குள் வைத்துக் கழுவிவிடுகிறார்கள். பல் மருத்துவத்தையே மாற்றிப்போட்ட யோசனை பெயிண்ட் அடிக்கிற இடத்திலிருந்து வந்தது என்பதில் ஒரு தனி சந்தோஷம்.

அமிலம் பட்ட எனாமல் காய்ந்ததும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துத் தெரியும். அதில் கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான நுண்துளைகள். திரவமாக இருக்கும் பசை அவற்றுக்குள் இறங்கி, நீல விளக்கு பட்டதும் இறுகிக்கொள்ளும். ரெசின் வேர்விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நேரம் பார்த்து நாக்கு ஒரு தடவை அசைகிறது. எச்சிலில் இருக்கும் புரதங்கள் ஓரிரு நொடியில் துளைகளின் மேல் மெல்லிய படலமாகப் படிந்துவிடுகின்றன. வெறும் தண்ணீரில் கழுவினால் அது முழுசாகப் போவதில்லை. கழுவி, காயவைத்து, மறுபடி சில நொடிகள் அமிலம் வைக்க வேண்டும். ஈறிலிருந்து ரத்தம் பட்டாலும் தொல்லைதான்.

மறுபடி ஆரம்பித்தால் ஐந்து நிமிடம் போகும், வெளியே நாலு பேர் காத்திருக்கிறார்கள். அப்படியே மேலே போனாலோ, யாருக்கும் தெரியாது! அடைப்பு அன்றைக்குப் பளபளவென்றுதான் இருக்கும். நோயாளி கண்ணாடியில் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்துவிட்டுப் போவார். மாதங்கள் கழித்து ஓரத்தில் பழுப்புக் கோடு விழலாம், உள்ளே கிருமி புகலாம், கடைசியில் வேர் சிகிச்சை வரைக்கும் போகலாம். அப்போது "ஏதாவது கடித்தீர்களா?" என்று கேட்டால் நோயாளிக்கே தன் மேல்தான் சந்தேகம் வரும். வணிகவியல் புத்தகத்தில் எந்தக் கணக்கிலும் எழுத முடியாத செலவு இது.

எச்சில் மட்டும்தான் எதிரி என்றில்லை. கம்ப்ரஸரிலிருந்து காற்றோடு எண்ணெய்ப் பிசுக்கு வரலாம், காயவைக்கிறேன் என்று டாக்டரே அழுக்கை ஊதிக்கொண்டிருப்பார். தற்காலிக சிமெண்ட் பலவற்றில் யூஜினால் இருக்கும். நம் வீட்டுக் கிராம்புத் தைலத்தின் சரக்குதான் அது. வலிக்கு இதம், ஆனால் ரெசினை இறுக விடாது. பல்லை வெளுக்க ஹைட்ரஜன் பெராக்ஸைடு வைத்தவர்களை ஒன்றிரண்டு வாரம் கழித்து வரச் சொல்வதும் இதனால்தான். பல்லில் தங்கிய ஆக்ஸிஜனும் இறுகுவதைத் தடுக்கும்.

சரி, எலும்பு மாதிரி காயவைத்துவிட்டால் தீர்ந்ததா? அதுவும் இல்லை. எனாமலுக்குக் கீழே இருக்கும் டென்டினில் சுமார் பத்து சதவீதம் தண்ணீர். அமிலம் வைத்த பிறகு அதை ரொம்பக் காயவைத்தால் உள்ளே இருக்கும் கொலாஜன் இழைகள் வதங்கிப் படுத்துவிடும், பசை இறங்க வழியிருக்காது. ஈரம் வேண்டும், ஆனால் எச்சில் ஈரம் வேண்டாம்.

இதற்கெல்லாம் ஒரு பழைய மருந்து உண்டு. 1864-ல் நியூயார்க்கைச் சேர்ந்த சான்ஃபோர்ட் பார்னம் என்ற பல் டாக்டர் ஒரு ரப்பர் துண்டில் ஓட்டை போட்டுப் பல்லில் மாட்டினார். பல் மட்டும் வெளியே, எச்சிலும் நாக்கும் உள்ளே. இன்றும் அதேதான், பெயர் ரப்பர் டாம். அதை மாட்டியதும் மூச்சு முட்டுகிறது என்று கழற்றச் சொல்பவர்கள், அது தங்கள் காசைத்தான் காப்பாற்றுகிறது என்று தெரிந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்வார்கள்.

ஆறு வயதுக் குழந்தையிடம்தான் இந்த வித்தை பலிக்காது. முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் அப்போதுதான் ஈறைக் கிழித்துக்கொண்டு பாதி முளைத்திருக்கும். அதன் பள்ளங்களில் சொத்தை விழாமல் உடனே மூடி வைக்க வேண்டும், ஆனால் ரப்பரை மாட்டப் பிடிமானம் இருக்காது. குழந்தையோ அழுகிறது, எச்சில் வழிகிறது. அந்த மாதிரி சமயத்தில் ஈரத்தைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும் கிளாஸ் அயனோமர் சிமெண்டை இப்போதைக்கு வைத்து அனுப்புகிறார்கள். அது சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று அவர்களுக்கும் தெரியும். பல் முழுசாக வெளியே வந்த பிறகு குழந்தையை மறுபடி கூட்டிவரச் சொல்வார்கள்.