பலகைக்கு முதல் வாசகர்

எங்கள் பள்ளி வாசலில் நுழைந்ததும் இடது கைப் பக்கம் இரண்டு பலகைகள் இருக்கின்றன. மேலே இருப்பது கரும்பலகை. ‘செய்திகளும் நிகழ்ச்சிகளும்’ என்று தலைப்பு. டிசம்பர் 3 விழா, பெற்றோர் கூட்டம், நிராமயா காப்பீட்டைப் புதுப்பிப்பது, போன வாரம் யார் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் சாக்பீஸில் எழுதியிருக்கும். அதற்குக் கீழே, சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையின் கண் மட்டத்தில், இரண்டாவது பலகை. அதில் எழுத்து குறைவு. வெல்க்ரோ பட்டையில் அட்டைகள் ஒட்டியிருக்கும். வெளியிலிருந்து வருகிறவர்கள் மேலே இருப்பதைப் படித்துவிட்டு ஆபீஸ் பக்கம் போய்விடுவார்கள். பள்ளி நடப்பது கீழே இருப்பதை வைத்துத்தான்.

இரண்டையும் எழுதி, ஒட்டி, அழிக்கிற வேலை என்னுடையது. புதிதாகச் சேரும் டீச்சர்கள், “போர்டு எழுதறதுக்கு இவ்வளவு நேரமா மிஸ்?” என்று கேட்பார்கள். ஒரு விழாவைப் பார்த்த பிறகு கேட்கமாட்டார்கள். மேல் பலகையில் எது ஏறுவதாக இருந்தாலும் அது முதலில் கீழ்ப் பலகையில் ஏறியிருக்க வேண்டும் என்பது நான் பிடித்துக்கொண்டிருக்கும் விதி. விழா யாருக்கோ அந்தப் பிள்ளைக்கே தெரியாமல் ஊருக்குச் சொல்வது முறையாகாது.

ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ உள்ள பிள்ளையிடம் “வெள்ளிக்கிழமை பீச்சுக்குப் போறோம்” என்று சொல்லிப் பாருங்கள். சிலருக்கு வெள்ளிக்கிழமை என்பது பிடிபடாது. சிலருக்கு பீச் மட்டும் பிடிபடும். உடனே செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டில் போய் நின்றுவிடுவார்கள். அப்படி நிற்கிறவனை அடங்காதவன் என்று சொல்லிவிடுவது சுலபம். காத்திருக்கச் சொன்ன நாம், எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று அவன் கண்ணுக்குக் காட்டினோமா? வாயால் சொன்னது காற்றோடு போய்விடுகிறது. படம் போகாது, எத்தனை தடவை திரும்பி வந்து பார்த்தாலும் அதே இடத்தில் இருக்கும். அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்ளர் 1972இல் தொடங்கிய ‘டீச்’ திட்டம் இதை முக்கியமாகப் பிடித்துக்கொண்டது. ஆட்டிசம் உள்ள பலருக்குக் காதைவிடக் கண் கைகொடுக்கும், ஆகவே நாளின் ஒழுங்கைக் கண்ணால் பார்க்கும்படி வையுங்கள் என்றது. 1991இல் கேரல் கிரே என்ற ஆசிரியை ‘சோஷியல் ஸ்டோரி’ முறையைக் கொண்டுவந்தார். நடக்கப்போவதைப் பிள்ளையின் பார்வையிலிருந்து சின்னச் சின்ன வாக்கியங்களில் எழுதி முன்கூட்டியே வாசித்துக் காட்டுவது. எங்கள் கீழ்ப் பலகைக்கு இந்த இரண்டும் முன்னோர். மீதியை எங்கள் ஆயாக்கள் சேர்த்தார்கள்.

அட்டை செய்வதில் நிறைய நுணுக்கம் இருக்கிறது. பளபளப்பான லேமினேஷனில் டியூப் லைட் வெளிச்சம் பட்டுக் கூசும். பார்வை குறைந்த பிள்ளைக்குப் படமே தெரியாது. அதனால் மேட் ஷீட். முனைகளை வளைத்து வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் கன்னத்தைக் கீறிவிடும். வெல்க்ரோவின் சொரசொரப்புப் பக்கம் அட்டைக்கு, மெத்தென்ற பக்கம் பலகைக்கு. பலகையைத் தடவிக்கொண்டே நிற்கிற பிள்ளைகள் எங்களிடம் அதிகம். படத்தில் தேவையில்லாத எதுவும் இருக்கக் கூடாது. பீச் படத்தின் ஓரத்தில் ஐஸ்கிரீம் வண்டி ஒன்று நின்றால் அது ஐஸ்கிரீம் அட்டை ஆகிவிடும், அப்புறம் கடலைக் காட்டிச் சமாதானம் செய்ய முடியாது. பார்வையும் செவியும் குறைந்த ஒரு பெண் எங்களிடம் இருக்கிறாள். அவளுக்குப் படத்தால் பயனில்லை. வேனுக்கு சீட் பெல்ட் துண்டு, பிசியோவுக்கு மேட்டிலிருந்து வெட்டிய சதுரம், பீச்சுக்கு இறுக்கித் தைத்த துணிப்பையில் ஒரு பிடி மணல். அவள் பட்டையை விரலால் படித்துக்கொண்டே போவாள்.

நாள் கணக்குக்குத் தனிப் பட்டை. விழாவுக்கு இன்னும் எத்தனை நாளோ அத்தனை சதுரம். கடைசியில் விழாவின் படம். காலையில் வந்ததும் பிள்ளை ஒரு சதுரத்தைப் பிய்த்து ‘முடிந்தது’ டப்பாவில் போட வேண்டும். எண்ணத் தெரிய வேண்டியதில்லை. பட்டை குறைகிறது என்று தெரிந்தால் போதும். ஆனால் எல்லாருக்கும் ஒரே நாளில் பட்டையை ஒட்டிவிட முடியாது. ஒருத்தனுக்கு இரண்டு வாரம் முன்பே சொன்னால்தான் பழகும். இன்னொருத்தனுக்கு இரண்டு நாளுக்கு மேல் கொடுத்தால் தூக்கம் கெட்டு, மறுநாள் காலையில் அவன் அம்மாவின் கண்ணும் சிவந்திருக்கும். ஒரே விழாவுக்கு ஆளுக்கொரு அறிவிப்புத் தேதி. யாருக்கு எப்போது சொல்வது என்பதைப் பிள்ளையின் ஐ.இ.பி. (தனிநபர் கல்வித் திட்டம்) கோப்பிலேயே குறித்து வைத்திருக்கிறேன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ‘மாற்றம்’ அட்டை. ஆரஞ்சு நிறம், நடுவில் வளைந்த அம்புக்குறி. அதை அறிமுகப்படுத்துவதில் ஒரு வரிசை உண்டு. முதலில் நல்ல மாற்றங்களுக்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். எழுத்து வேலை இருந்த இடத்தில் மாற்றம் அட்டையை ஒட்டிவிட்டு ஊஞ்சலுக்குக் கூட்டிப் போவது, கஞ்சிக்குப் பதில் பழம் கொடுப்பது. கொஞ்ச நாள் போனதும் நல்லதும் இல்லாத கெட்டதும் இல்லாத மாற்றங்கள்: அறை மாறுவது, டீச்சர் மாறுவது. அதற்கும் பிறகுதான் ஏமாற்றம் தரும் மாற்றம். அவசரப்பட்டு டூர் ரத்தான அன்றைக்கு முதல் முறையாக அந்த அட்டையை நீட்டினால், அதற்கப்புறம் ஆரஞ்சு நிறத்தைக் கண்டாலே பிள்ளை காதைப் பொத்திக்கொள்ளும்.

இந்த அட்டை இல்லாமல் சென்னையில் சிறப்புப் பள்ளி நடத்த முடியாது. எங்கள் பெரிய விழாவே மழைக்காலத்தின் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஐ.நா. சபை 1992இல் மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு டிசம்பர் 3ஐத் தேர்ந்தெடுத்தபோது வடகிழக்குப் பருவமழையை யார் நினைத்திருப்பார்கள்? 2015இல் டிசம்பர் 1, 2 தேதிகளில் ஊரே வெள்ளத்தில் கிடந்தது. 2023இல் மிக்ஜாம் புயல் சரியாக டிசம்பர் 3, 4இல் வந்தது. பெரிய புயல் வேண்டாம், கலெக்டர் காலையில் டிவியில் விடுமுறை அறிவித்தாலே போதும். யூனிஃபார்ம் போட்டு, பையை மாட்டி, வேனுக்காக வாசலில் நிற்கும் பிள்ளைக்கு டிவி ஸ்க்ரோலைக் காட்டி என்ன புரியவைக்க முடியும்? அதனால் அக்டோபரிலேயே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ‘மழை விடுமுறை’ அட்டை கொடுத்தனுப்பிவிடுகிறோம். குடை, வீடு, குறுக்குக் கோடு போட்ட பள்ளி வேன். பின்பக்கம் அம்மாவுக்கு ஒரு குறிப்பு: இதைக் காட்டிய பிறகு அன்றைக்கு வீட்டில் என்ன நடக்கும் என்று மூன்று அட்டையாவது வரிசையாக வையுங்கள். ‘வேன் வராது’ என்பதோடு நிறுத்தினால் பாதிச் செய்திதான்.

பீச் டூரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மெரினாவில் மணலுக்கு மேல் கடல் பக்கம் வரை சக்கர நாற்காலி போகிற மரப்பாதையை 2022 நவம்பரில் திறந்தார்கள், அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதில் ஒரு பகுதியைப் பெயர்த்தது, பிறகு சரிசெய்தார்கள். பாதை நன்றாக இருக்கிறதா என்று முந்தின நாள் நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் அட்டையை ஒட்டுகிறேன்.

ஆண்டு விழாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் தொழிலில் கடைசிப் படியை முதலில் கற்பிப்பது என்று ஒரு முறை இருக்கிறது. பொத்தான் போடக் கற்றுத் தருவதென்றால், ஓட்டையில் முக்கால்வாசி நுழைத்துக் கொடுத்துவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் பிள்ளையிடம் விடுவோம். வேலையை முடித்த ருசி முதல் நாளே கிடைத்துவிடும். அடுத்து கடைசிக்கு முந்தின படி, அப்படியே பின்னோக்கி. மேடைக்கும் இதையேதான் செய்கிறேன். ஒத்திகையில் முதலில் பழகுவது மேடையை விட்டு இறங்குவது. கை கூப்பி, மூன்று படி இறங்கி, மஞ்சள் டேப் ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பது. எப்படி முடியும் என்று தெரிந்த பிள்ளைக்கு ஏறுவதற்குப் பயமில்லை. பாட்டும் ஆட்டமும் அப்புறம்தான். பார்க்க வரும் பெற்றோர் முதல் வாரம் குழம்புவார்கள். “என்ன மிஸ், எம் பொண்ணு தினம் கீழ இறங்கிக்கிட்டே இருக்கா, எப்ப ஆடுவா?” நன்றாகவே ஆடுவாள்.

உடுப்பு இன்னொரு பெரிய வேலை. வாடகைக்கு எடுக்கும் ஜரிகைச் சட்டை, குத்துகிற லேபிள், கழுத்தை இறுக்கும் ஹூக் எதுவும் ஆகாது. சொந்தமாகப் பருத்தியில் தைத்து, பல தடவை துவைத்து மெத்தென்றாக்கி, வகுப்பிலேயே சாப்பாட்டு நேரத்தில் போட்டுப் பழக்குவோம். விழாவன்று கைதட்டல் கிடையாது. இரண்டு கைகளையும் தூக்கி அசைக்க வேண்டும். காது கேளாதோர் வழக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டது. முன்வரிசை மாமாக்கள் மறந்துபோய்த் தட்டுவார்கள். அதற்காக மேடை ஓரத்தில் ஹெட்போன் தயாராக இருக்கும்.

தொகுப்பாளர் எங்கள் பிள்ளைதான். பெருமூளை வாதம் உள்ள பையன், பேச்சு வராது. சென்னையிலேயே உருவான ஆவாஸ் செயலியை டேப்லட்டில் வைத்துக்கொண்டு படங்களைத் தொட்டு அறிவிப்பான். முன்பே பதிவு செய்துவைத்து ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் விரல் திரைக்கு மேலே ஆடும், தேவையான படத்துக்கு ஒரு கட்டம் தள்ளிப் போய் இறங்கும், அழிப்பான், மறுபடி தேடுவான். அந்த நேரம் முழுக்க அரங்கம் சும்மா இருக்க வேண்டும். மைக்கைப் பிடித்து நிரப்ப யாருக்கும் அனுமதி இல்லை. தயங்கி வந்தாலும் அந்த ‘அடுத்து வருவது’ அவன் சொன்னது.

இனி செய்தி. மேல் பலகையில் போன வாரத்துச் செய்தியாக எது வரலாம் என்பதில் எனக்கும் நிர்வாகத்துக்கும் எப்போதும் ஒரு இழுபறி உண்டு. அவர்களுக்குப் பதக்கமும் பிரமுகர் வருகையும் செய்தி. பதக்கம் எனக்கும் பிடிக்கும். யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் 1968இல் சிகாகோவில் தொடங்கிவைத்த ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸில், திறன் அளவு நெருங்கியவர்களை ஒரு பிரிவாக்கி ஓடவிடும் முறை எவ்வளவு நியாயமானது என்று மைதானத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் வாரா வாரம் பதக்கம் வராது. வாரா வாரம் வருவது வேறு. 1970களில் சென்னையில் ஜெயச்சந்திரனும் விமலாவும் உருவாக்கிய எம்.டி.பி.எஸ். என்ற மதிப்பீட்டு முறை எங்கள் மேஜையில் எப்போதும் இருக்கும். 18 துறைகள், ஒவ்வொன்றிலும் 20 படிகள், மொத்தம் 360. சாப்பிடுவது, உடுத்துவது, கழிவறைக்குப் போவது, எண், காசு, நேரம் எல்லாம் அதில் அடக்கம். அதில் ஒரு படி ஏறினால் என் கணக்கில் அது செய்தி.

அதை எழுதும் விதமும் முக்கியம். ‘சாதனை’, ‘நெகிழ்ச்சி’ என்ற சொற்களுக்கு என் சாக்பீஸில் இடமில்லை. முன்பு எவ்வளவு உதவி, இப்போது எவ்வளவு உதவி. “கை பிடித்துக் கொடுத்தால் சாப்பிட்டவர், இப்போது கரண்டியைத் தொட்டுக் காட்டினால் போதும்.” இவ்வளவுதான் செய்தி. ஆயா, டிரைவர், பாட்டி யார் படித்தாலும் நாளைக்கு அந்தப் பிள்ளையிடம் எந்த இடத்தில் கையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். “அற்புத முன்னேற்றம்” என்று எழுதினால் யாருக்கு என்ன தெரியும்? போட்டோ போடுவதாக இருந்தால் முதலில் பிள்ளையிடம் காட்ட வேண்டும். தள்ளிவிட்டால் போடுவதில்லை. கழிவறைச் செய்தி பலகைக்கு வராது. டைரியில் வீட்டுக்குப் போகும். பதினாறு வயதுப் பையனுக்கு மானம் இல்லையா?

பிறந்தநாள், திருமண நாள், திதி என்று மதியச் சாப்பாடு தர வருகிறவர்களும் எங்கள் நிகழ்ச்சி நிரலில் உண்டு. நல்ல மனசு. ஆனால் முன்னறிவிப்பில்லாமல் கேக்கோடு வந்து, எல்லாப் பிள்ளைகள் வாயிலும் தன் கையால் ஊட்ட வேண்டும் என்பார்கள். விழுங்குவதில் சிரமம் உள்ள பிள்ளைக்கு உலர்ந்த கேக் துகள் நெஞ்சடைத்துவிடும். அவர்கள் தேதியைப் பதியும்போதே மெனுவைக் கேட்டு வாங்கிவிடுகிறேன். கூடவே ஒரு போட்டோவையும்.

போட்டோ சிறப்பு விருந்தினர்களுக்கும் கட்டாயம். அவர்களுக்கு அனுப்பும் கடிதம் ஒரு பக்கம்தான். பேச்சு ஐந்து நிமிடம். கடவுளின் குழந்தைகள் என்று சொல்ல வேண்டாம். பொன்னாடையைப் பிள்ளையின் முன்னால் விரித்துக் காட்டிவிட்டுப் போர்த்துங்கள், பின்னாலிருந்து வேண்டாம். கை கொடுக்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம். உங்கள் படம் ஒன்று அனுப்புங்கள். வரப்போகிறவர் யார் என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். இந்த வருடம் வரப்போகிறவர் முதலில் அனுப்பியது ஆளுயர மாலைக்குள்ளிருந்து கூலிங் கிளாஸ் மட்டும் தெரிகிற படம். தயங்காமல் திருப்பி எழுதினேன்: கண்ணாடி இல்லாமல், தனியாக, அன்றைக்குப் போடப்போகிற மாதிரிச் சட்டையில். இன்று காலை வந்துவிட்டது. கூடவே ஒரு கேள்வி: “மேடையில் நான் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் மேடம்? அதுவும் அட்டையில் வருமா?” வரும். இடது பக்கம், இரண்டாவது நாற்காலி.