மதில் சூழ்ந்த தோட்டம்

பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில், திஜோன் நகருக்குத் தெற்கே, கிழக்கு நோக்கிச் சரியும் குன்றுகளின் அடிவாரத்தில் குளோ த வூஜோ என்னும் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. 'குளோ' என்பது அடைக்கப்பட்ட நிலத்தைக் குறிக்கும். ஏறத்தாழ 50 எக்டேர் நிலத்தை வளைத்து எழுந்த அதன் கல்மதில் 1336-ஆம் ஆண்டளவில் நிறைவுற்றது. அதை எழுப்பியவர்கள் வறுமையைத் தேடி வந்த துறவியர் என்பதே நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

1098-ஆம் ஆண்டில் மொலேம் மடத்தலைவர் இராபர்ட்டும் அவர்தம் தோழர்களும், செல்வம் சேர்ந்துவிட்ட தங்கள் மடத்தை விட்டு நீங்கி, சித்தோ என்னும் சதுப்புக் காட்டில் குடியேறினர். புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கை வழுவாது கைக்கொண்டு, கைகளால் உழைத்து உண்பதே அவர்கள் நோக்கம். சிஸ்டெர்சியன் சபை இவ்வாறு பிறந்தது. திருப்பலிக்குத் திராட்சை இரசம் வேண்டும். சித்தோவின் ஈரமண் திராட்சைக்கு ஏற்றதன்று. ஆகவே 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சில மைல் தொலைவிலுள்ள வூஜோச் சரிவில் சிறுகச் சிறுக நிலம் பெற்றனர்.

மேட்டில் சுண்ணாம்புக்கல் மீது மெல்லிய மண். தாழ்வில் நீர் தங்கும் கனத்த களிமண். ஒரே மதிலுக்குள் விளைந்தாலும் கனியின் சுவை இடத்துக்கு இடம் மாறுவதைத் துறவியர் தலைமுறை தலைமுறையாகக் கவனித்தனர். அங்கே விளையும் பினோ நுவார் கருந்திராட்சையின் சாறு ஏறக்குறைய நிறமற்றது. தோலோடு சேர்த்துப் பல நாள் நொதிக்கவிட்டால்தான் அதில் செந்நிறம் இறங்கும். அவசரப்படுகிறவர்களுக்கு உரிய தொழிலன்று அது.

குடியால் சிதைந்த இல்லங்களை அறிந்த நமக்கு இரசத்தைப் புகழ்வதில் தயக்கம் உண்டு. ஆசீர்வாதப்பருக்கும் அத்தயக்கம் இருந்தது. துறவிக்கு இரசம் பொருந்தாது என்றே அவர் கருதினார். எனினும் மனித பலவீனத்தை எண்ணி, நாளொன்றுக்குக் கால் லிட்டர் அளவென்று வரையறுத்தார். அளவு குறித்த அந்த ஒழுங்கின் கீழ்தான் இத்தோட்டம் வளர்ந்தது.

இரசத்துக்கு இருந்த அளவு உடைமைக்கு இருந்ததா? வூஜோவின் புகழ் பரவப் பரவ மடத்தின் செல்வமும் பெருகிற்று. 1551-இல் தோட்டத்தின் நடுவே, எளிய பழைய கட்டடங்களை ஒட்டி, ஒரு மாளிகையும் எழுந்தது. செல்வத்தை விட்டு வெளியேறியவர்களின் பிள்ளைகளைச் செல்வம் தேடிவந்து பிடித்துக்கொண்டது. 1789-இல் பிரெஞ்சுப் புரட்சி திருச்சபையின் சொத்துக்களை அரசுடைமையாக்கியது. 1791-இல் தோட்டம் விற்கப்பட்டது. 1889-இல் அது பல கைகளுக்குப் பிரிந்தது. இன்று ஏறத்தாழ 80 உரிமையாளர்கள் அதைப் பங்கிட்டுக்கொண்டுள்ளனர்; சிலருக்குச் சில வரிசைகளே சொந்தம். 19-ஆம் நூற்றாண்டில் வேரைத் தின்னும் பூச்சி பர்கண்டியின் பழங்கொடிகளை அழித்ததால், இப்போதுள்ள கொடிகள் அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டப்பட்டவை.

அப்படியானால் துறவியருடையது என்று அங்கே எஞ்சியிருப்பது எது? மதிலும், மரத்தாலான நான்கு பெரும் பிழிவு ஆலைகளும் உள்ளன. அவற்றோடு, எந்த மண் எத்தகைய இரசத்தைத் தரும் என்று பொறுமையோடு பார்த்தறிந்த அறிவும் உள்ளது. அவ்வறிவைப் பேணிவந்த பர்கண்டித் தோட்டங்களை 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. உடைமை பறிபோயிற்று, உழைப்பு பறிபோகவில்லை. ஆலயமோ பள்ளியோ எழுப்பி, அதில் நம் பெயர் நிலைக்க வேண்டுமென விரும்பும் நாம் இதை எண்ணிப் பார்ப்பது நன்று.

1898-இல் துறவியர் சித்தோவுக்குத் திரும்பி வந்தனர். வூஜோ அவர்களிடம் திரும்பவில்லை. அவர்கள் பசும்பாலிலிருந்து பாலாடைக்கட்டி செய்யத் தொடங்கினர். இன்றும் அம்மடம் அத்தொழிலுக்குப் பெயர் பெற்றிருக்கிறது. 1098-இல் வந்தவர்கள் நாடியது இத்தகைய வாழ்வைத்தான்.