மறக்கும் உரிமை

கேஷுக்கும் நோஎஸ்கியூஎல் டேட்டாபேஸுக்கும் என்ன வித்தியாசம் என்று நேர்காணலுக்கு வருகிறவர்களிடம் கேட்டால், "அது மெமரியில் இருக்கும், இது டிஸ்க்கில் இருக்கும்" என்பார்கள். தப்பில்லை, ஆனால் அதோடு விட எனக்கு மனசு வராது. இரண்டிலும் கீ கொடுத்தால் வேல்யூ வரும், இரண்டும் பல சர்வர்களில் பரவிக் கிடக்கும். "ராத்திரி எல்லா சர்வர்களும் அணைந்துவிட்டன. காலையில் யாருக்கு என்ன நஷ்டம்?" என்பேன்.

2003-இல் லைவ்ஜர்னல் தளத்துக்காக பிராட் ஃபிட்ஸ்பேட்ரிக் எழுதிய மெம்கேஷ்டு என்ற கேஷுக்கு இந்தக் கேள்வி ஒரு பொருட்டே இல்லை. அதன் சர்வர்கள் ஒன்றையொன்று அறியாதவை. எந்தக் கீ எங்கே என்று கணக்குப் போடுவது கிளையண்ட்தான். இடம் தீர்ந்தால், நெடுநேரம் யாரும் தொடாததைக் கேட்காமலே தூக்கிப் போடும். அசல்தான் வேறெங்கோ இருக்கிறதே! கஸாண்ட்ரா என்ற நோஎஸ்கியூஎல் டேட்டாபேஸுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதுவும் வந்ததை மெமரியில் வைக்கிறதுதான். ஆனால் கமிட் லாகில் குறித்து, பிறகு டிஸ்க்கில் கோப்பாக இறக்கி, பல நோடுகளில் நகலும் வைத்துக்கொள்கிறது.

வம்பு ரெடிஸில்தான். சால்வடோர் சான்ஃபிலிப்போ 2009-இல் வெளியிட்ட இது, கான்ஃபிக் கோப்பில் சில வரிகளை மாற்றினால் கேஷ், வேறு சிலவற்றை மாற்றினால் ஏறக்குறைய டேட்டாபேஸ். எழுதுவதையெல்லாம் நொடிக்கொருமுறை டிஸ்க்கில் பதியச் சொன்னாலும், கடைசி ஒரு நொடி போகலாம். ஒரே ரெடிஸை ஒரு டீம் கேஷாகவும், பக்கத்து டீம் வாடிக்கையாளரின் ஷாப்பிங் கார்ட்டை வைக்கும் இடமாகவும் நம்பிக்கொண்டிருப்பது நடக்கக்கூடியதே. மெமரி நிறைந்தால் பழசைத் தூக்கு என்று முதல் டீம் போட்ட கட்டளை, இரண்டாவது டீமின் கார்ட்டையும் சேர்த்தே தூக்கும். ரெடிஸைத் திட்டிப் பயனில்லை.

கேஷும் இஷ்டத்துக்கு மறந்துவிட முடியாது. எல்லாரும் கேட்கும் ஒரு கீ காணாமல் போனால், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் டேட்டாபேஸ் மேல் விழுவார்கள். ஃபேஸ்புக் பொறியாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதற்கொரு வழி சொல்கிறார்கள்: ஒரு கீக்கு 10 நொடிக்கு ஒருவருக்கே டோக்கன், அவர் போய் எடுத்து வரட்டும், மற்றவர்கள் சற்றுப் பொறுத்துக் கேட்கட்டும். நெரிசலுக்கு ஆளாகும் சில கீக்களை மட்டும் ஒரு வாரம் கவனித்ததில், உச்ச நேரத்தில் நொடிக்கு 17,000 ஆக இருந்த டேட்டாபேஸ் கேள்விகள் 1,300 ஆயின. உச்ச நேரச் சுமையைப் பார்த்துத்தான் டேட்டாபேஸ் சர்வர்களையே அமைக்கிறார்கள் என்பதால், அந்த வித்தியாசம் நேரே பட்ஜெட்டில் தெரியும்.