நகக்கண் அளவுத் தெறிப்பு

சேலத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் முப்பத்திரண்டு வருஷம் வாடகைக் கார் ஓட்டியவன் நான். இன்ஜின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் வண்டியை ஓரம் கட்டிவிடுவேன். முன்கண்ணாடியை மட்டும் அந்த அக்கறையோடு பார்த்ததில்லை.

ஒரு சித்திரை மாதம் தொப்பூர் கணவாயில், தார்ப்பாய் போடாத ஜல்லி லாரிக்குப் பின்னால் நெருங்கிப் போனேன். டிக்கென்று ஒரு சத்தம். கண்ணாடியில் நகக்கண் அளவுக்கு ஒரு தெறிப்பு. சவாரி நெருக்கடியில் நாலு நாள் அப்படியே விட்டேன். ஐந்தாம் நாள் உச்சி வெயிலில் காய்ந்து கிடந்த வண்டிமேல் ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரை வீசினேன். தெறிப்பிலிருந்து ஒரு கோடு கிளம்பி, என் கண்ணெதிரே மறு ஓரம் வரை ஓடியது.

சூட்டில் விரிந்திருந்த கண்ணாடியின் மேற்பரப்பு, குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சட்டென்று சுருங்கும். அந்த இழுவை முழுவதும் விரிசலின் முனையில் போய்க் குவியும். மெக்கானிக் இதை விளக்கியபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த வாரத்துச் சம்பாத்தியம் முழுவதும் கண்ணாடிக்கே போயிற்று.

அதிலும் ஒரு புண்ணியம் இருந்தது. பழைய வண்டிகளில் கல் பட்டால் முழுக் கண்ணாடியும் ஒரே நொடியில் வெள்ளையாகப் பொரிந்து, கற்கண்டுபோல் மடியில் கொட்டும். எதிரே சாலையே தெரியாது. இப்போது முன்பக்கம் இருப்பது, நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டிய இரண்டு கண்ணாடிகள். உடைந்தாலும் சிதறாது. 1903இல் பிரான்ஸில் பெனடிக்டஸ் என்பவரின் கை தவறி விழுந்த கண்ணாடிக் குடுவை, உள்ளே காய்ந்திருந்த ரசாயனப் படலத்தால் சிதறாமல் நின்றதாம். அதிலிருந்து பிறந்த யோசனை இது என்று பேரன் படித்துச் சொன்னான்.

அன்றிலிருந்து காலையில் வண்டியை எடுக்குமுன் முதல் வேலை கண்ணாடிதான். தூசியை உலர்ந்த துணியால் துடைக்கக் கூடாது. மணல் துணுக்குகள் கீறிவிடும். முதலில் தண்ணீர் விட்டு ஊறவைத்து, பிறகு மெதுவாகத் துடைக்க வேண்டும். காய்ந்த கண்ணாடியில் வைப்பரைப் போடுவதும் அதே தவறுதான். பகலில் நுண்கீறல் கண்ணில் படாது. ராத்திரி எதிர்வண்டி வெளிச்சம் விழுந்தால் ஒவ்வொரு கீறலும் பளீரென்று எரியும். வைப்பர் ரப்பரும் நம் வெயிலில் இறுகிவிடும். ஐப்பசி மழைக்கு முன் மாற்றிவிடுவேன். மலையில் உட்புறம் ஆவி படிந்தால் கையால் துடைக்காமல், ஏசி காற்றைக் கண்ணாடிமேல் திருப்பினால் போதும். ஈரம் வற்றிவிடும்.

போன மாதம் பேரன் வண்டியிலும் கல் தெறித்தது. "ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம் தாத்தா" என்றான். எனக்குப் பொறுக்கவில்லை. அழுக்கும் ஈரமும் உள்ளே போகாமல் தெறிப்பின்மேல் செல்லோடேப் ஒட்டி, அன்று மாலையே கடைக்குக் கூட்டிப்போனேன். உள்ளிருந்த காற்றை உறிஞ்சி, பிசினை ஏற்றி, புற ஊதா விளக்கைக் காட்டி இறுக வைத்தார்கள். ஒரு சின்னத் தழும்பு மட்டும் மிஞ்சியது. பெருவிரலால் தடவிப் பார்த்தேன், வழுவழுவென்று இருந்தது. அவனையும் தடவிப் பார்க்கச் சொன்னேன்.