செம்பனை முள்

"காடி இல்லீங்களா தம்பி?"

கேட்ட அம்மாவுக்கு எழுபது வயதுக்குக் குறையாது. கையில் எண்ணெய்ப் புட்டி, தோளில் ஒரு துணிப்பை. நான் செம்பனைக்கு நடுவே சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். காடி, அதாவது கார், வீட்டில் நிற்கிறது என்றேன்.

"அப்புறம் எதுக்கு இதுல வந்து கஷ்டப்படுறீங்க?"

பதிலுக்கு நிற்காமல் மாரியம்மன் கோயில் பக்கம் நடந்துவிட்டார். நல்லவேளை. கைவசம் பதில் இல்லை.

டயரில் ஏறியிருந்தது செம்பனை மட்டையின் முள். அரை அங்குலம்கூட இராது. மட்டையின் அடிப்பகுதியில் இரண்டு விளிம்பிலும் ரம்பப் பல் மாதிரி வரிசையாக இருக்கும். குலை வெட்டுகிறவர்கள் மட்டையைச் சீவித் தள்ளுவார்கள். காய்ந்து சடக்கோரம் கிடப்பதை லோரி ஏறி நசுக்கும். முள் மட்டும் தெறித்து மண்ணோடு மண்ணாகப் படுத்திருக்கும். கித்தா டயரைச் செம்பனை குத்திவிட்டது. எங்கள் தோட்டத்தின் கதையே இவ்வளவுதான். ஆனால் அப்போது சிரிப்பு வரவில்லை. முழங்கை வரை கிரீஸ்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடியுமுன் ஐந்தரைக்கு ஈப்போ கல்லுமலைக் கோயில் அருகே ஏழெட்டுப் பேர் கூடுவோம். ஓய்வுபெற்றவர்கள் பாதி, மருத்துவர் சொல்லி வந்தவர்கள் மீதி. எங்களுக்கு இரண்டு வழிகள். ஒன்று தெற்கே: லாஹாட், பாப்பான், புசிங், பத்து காஜா, கெல்லி கோட்டை, கோப்பேங், சிம்பாங் பூலாய் என்று சுற்றி வந்தால் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். வழியெல்லாம் ஈயம் எடுத்த பள்ளங்கள் நீர் நிறைந்து ஏரிகளாகக் கிடக்கின்றன. பாப்பானில் சிபில் கார்த்திகேசு ஜப்பானியர் காலத்தில் மருந்தகம் நடத்திய கடைவீடு இருக்கிறது. காட்டிலிருந்த போராளிகளுக்கு வைத்தியம் பார்த்ததற்காக 1943-இல் அவரை ஜப்பானியர் பிடித்துக்கொண்டு போய்ச் சித்திரவதை செய்தார்கள். அந்தத் தெருவில் வேகமாக மிதிக்க எனக்குக் கால் வராது. கெல்லி கோட்டைக்கு அருகில் தோட்டத்து மாரியம்மன் கோயில் கூரையில், சாமி சிலைகளுக்கு நடுவே, வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக ஒரு துரை நிற்கிறார். கோட்டையைக் கட்டி முடிக்காமலேயே 1926-இல் லிஸ்பனில் இறந்துபோன வில்லியம் கெல்லி ஸ்மித்தான் அவர் என்பார்கள். கோட்டைக்கு டிக்கெட் வாங்கிப் போகிறவர்களில் பத்தில் ஒருவர்கூட இந்தக் கோயிலைப் பார்ப்பதில்லை. எனக்குக் கோட்டையைவிட அந்தக் கூரைதான் பிடிக்கும்.

மற்றது வடக்கு வழி. செம்மோர், சுங்கை சிப்புட், காராய், கோலகங்சார். போகும்போது 50 கிலோமீட்டர். வழியெங்கும் சுண்ணாம்புக் குன்றுகள், அப்புறம் மேடும் பள்ளமுமாகத் தோட்டங்கள். நான் பிறந்த தோட்டம் இந்த வழியில்தான், சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே. பெயரைச் சொன்னால் பழைய ஆட்கள் "நீ யார் மவன்?" என்று தேடிக்கொண்டு வருவார்கள், விட்டுவிடுகிறேன்.

தோட்டத்துத் தமிழர்களான நாங்கள் மலாயாவுக்கு வந்ததே டயருக்காகத்தான். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 1876-இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 கித்தா (ரப்பர்) விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்த கன்றுகளில் 22 மறு ஆண்டு சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. ஒன்று இன்னும் மாவட்ட அலுவலகத்துக்கு அருகே வேலி போட்டு நிற்கிறது. ஆனால் பத்து வருடத்துக்கு மேல் அந்த மரங்களை வைத்து என்ன செய்வதென்று எவருக்கும் தெரியவில்லை. 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் மகனுடைய மூன்று சக்கர வண்டி கல்தரையில் குலுங்குகிறதே என்று தான் செய்த காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். அதே 1888-இல்தான் சிங்கப்பூர்ப் பூங்காவுக்கு ரிட்லி வந்து சேர்ந்தார். சட்டைப்பையில் கித்தா விதையோடு அலைந்து, காப்பி பயிரிட்ட துரைமார்களிடம் "இதை நடுங்கள், நடுங்கள்" என்று நச்சரித்த மனிதர். பைத்தியக்கார ரிட்லி என்று பெயர் வாங்கினார். மரம் சாகாமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தவரும் அவரே. காப்பி விலை விழுந்த பிறகுதான் துரைமார்களுக்கு அவர் சொன்னது ஏறியது. நூறு வயது வரை இருந்து, தன் பைத்தியம் ஒரு நாட்டையே மாற்றியதைப் பார்த்துவிட்டுப் போனார்.

கித்தாப் பசியைக் கார்தான் கிளப்பியது என்று பொதுவாகச் சொல்வார்கள். காருக்கு முன்னால் சைக்கிள். 1890-களில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் சைக்கிள் மோகத்தில் கிடந்தன. அந்தச் சக்கரங்களுக்கும் பின்னால் வந்த கார்களுக்குமாகத்தான் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, கங்காணி பின்னால் என் தாத்தா பேராக்குக்கு நடந்தார். டன்லப் கம்பெனி பின்னாளில் மலாயாவில் சொந்தமாகவே தோட்டங்கள் வைத்திருந்தது. தாத்தாவுக்கு இந்தப் பெயர்கள் எதுவும் தெரியாது. மரத்தைத் தெரியும், நிறையைத் தெரியும், கிராணியின் குரலைத் தெரியும்.

அப்பாவுக்குச் சைக்கிள் இருந்தது. கறுப்பு ராலி, கைமாறிக் கைமாறி வந்தது. காலை நாலரைக்கு எழுந்து, கறுப்புக் காப்பி குடித்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போவார். கிளம்புமுன் ஒரு வேலை உண்டு: முன் டயரையும் பின் டயரையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். அதற்கு மேல் எந்தக் கருவியும் கிடையாது. விரல் எவ்வளவு உள்ளே போகிறது என்பதுதான் கணக்கு. வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். பத்து மணிக்கு மேல் சொட்டு நின்றுவிடும். ஆகவே நானூறு, ஐந்நூறு மரத்தையும் இருட்டோடு ஆரம்பித்து முடிக்க வேண்டும். ஒவ்வொரு மரத்திலும் முந்தின நாள் வெட்டில் நூலாக உறைந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போடுவார். கத்தியை இழுப்பார். இடமிருந்து வலமாகச் சரியும் கோட்டில் வெள்ளை ஊறி மங்குக் கிண்ணத்தில் விழும். திரும்பி வரும்போது சைக்கிளின் இரு பக்கமும் பால் வாளி தொங்கும். அந்தப் பாரத்தோடு செம்மண் சடக்கில் அவர் ஒருநாளும் இறங்கித் தள்ளியது கிடையாது என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். தள்ளியிருப்பார். அம்மா பார்த்திருக்க மாட்டாள்.

என் சைக்கிள் கார்பன். அதன் விலையை அப்பாவிடம் சொல்லியிருந்தால் அந்தக் காசுக்கு எத்தனை ராலி வரும் என்று எண்ணியிருப்பார். ஒரே விரலால் தூக்கலாம். ஒரு வாளி பால் தொங்கவிட்டால் உடைந்துபோகும்.

இந்த வழியில் சைக்கிளில் முதலில் பெருங்கூட்டமாக வந்தவர்கள் ஜப்பானியர்கள். 1941 டிசம்பரில் வடக்கேயிருந்து சைக்கிள் படை இறங்கியது. மாதம் முடியுமுன் ஈப்போ விழுந்தது. அவர்களுடைய டயர்கள் வெயிலில் வெடித்தபோது வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்களாம். இரவில் அந்தச் சத்தம் டாங்கி வருகிற மாதிரிக் கேட்டது என்பார்கள். உலகத்துக்கே கித்தா கொடுத்த நாட்டில் டயர் இல்லாமல் ஓட்டியிருக்கிறார்கள். அப்புறம் 1948 ஜூன் 16 காலை, சுங்கை சிப்புட்டுக்கு அருகே எல்பில் தோட்ட அலுவலகத்துக்கு மூன்று பேர் சைக்கிளில் வந்து, சைக்கிள்களைச் சுவரில் சாய்த்துவிட்டு, உள்ளே போய் துரை வாக்கரைச் சுட்டார்கள். அன்றே பக்கத்தில் பின் சூன் தோட்டத்தில் இன்னும் இருவர். அதையொட்டி அறிவித்த அவசரகாலம் பன்னிரண்டு வருடம் நீண்டது. சைக்கிளை ஏதோ அப்பாவிப் பொருளாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

சுங்கை சிப்புட்டில் பசியாறுவோம். தோசை, இரண்டு தே தாரேக், யாருடைய தொடையில் பிடிப்பு என்ற விசாரணை. துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. சுதந்திரத்துக்குப் பின் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் கூறுபோட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்ற வார்த்தை எங்கள் வீடுகளில் நோயின் பெயர் மாதிரிப் புழங்கியது. அதற்கு மருந்தாகத்தான் அவர் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்ட பணத்தில் தோட்டங்களை வாங்கினார்கள். எல்லாத் தோட்டத்தையும் வாங்கிவிட முடியவில்லை. எங்களுடையது அந்தக் கணக்கில் வராத ஒன்று. கித்தா போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம்.

மற்றவர்கள் பெரிய சடக்கிலேயே காராய்க்குப் போய்விடுவார்கள். நான் மட்டும் உள்ளே திரும்பி, தோட்டத்துச் சடக்கில் போய்ச் சேர்ந்துகொள்வது வழக்கம். போனில் அந்தச் சடக்குக்குப் பெயர் இல்லை. தோட்டத்து நாய்களுக்கு நான் அறிமுகம். ஆனாலும் கடமைக்கு ஐம்பது மீட்டர் துரத்தும். காடியில் போனால் இருபக்கமும் ஒரே பச்சைச் சுவர். சைக்கிள் வேகத்தில்தான் அந்தச் சுவரில் ஓட்டை தெரியும். ஒன்பது மீட்டருக்கு ஒரு செம்பனை என்று ஒழுங்காக நிற்கிற வரிசைக்குள் திடீரென்று ஒரு மாமரம். கொஞ்சம் தள்ளிக் கறிவேப்பிலை. இவை காட்டு மரங்கள் இல்லை, யாரோ அடுப்படிப் பக்கம் வைத்தவை. அவை நிற்கிற இடத்தில் லயம் இருந்தது. எங்கள் மூன்றாவது லயத்துக்கு அடையாளம் ஒரு முருங்கை. கூட்டாளிகளை இரண்டு முறை அழைத்து வந்து காட்டியிருக்கிறேன். "இங்கதான் எங்க பின்வாசல், இது எங்கம்மா வெச்சதா இருக்கும்."

அந்த முருங்கைக்கு இருபதடி தள்ளித்தான் அன்றைக்குப் பஞ்சர்.

புது டியூபை மாட்டி, கைப்பம்பால் காற்றடித்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா திரும்பி வந்தார். நெற்றியில் திருநீறு. சாமிக்கு வைத்த வாழைப்பழம் ஒன்றை நீட்டினார். மகன் மோட்டாரில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறானாம். பத்து மணிக்குத்தான் வருவானாம். நானும் இந்தத் தோட்டம்தான், மூன்றாவது லயம் என்றேன்.

"மூணாவது லயமா? யாரு மவன்?"

சொன்னேன். கொஞ்ச நேரம் என் தலைக்கவசத்தையும் இறுக்கமான கால்சட்டையையும் பார்த்தார். "அவுரு மவனா நீ? நல்லா வெட்டுவாரு. காயம் படாம வெட்டுவாரு." மரத்துக்குக் காயம் படாமல் என்று அர்த்தம். பால் வெட்டுகிறவருக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் இல்லை.

நான் முருங்கையைக் காட்டினேன். "இது எங்கம்மா வெச்சதுதானேங்கம்மா?"

"அதுவா?" சிரித்துவிட்டார். "அது பங்களாதேஷ் பையன் ஒருத்தன் வெச்சதுப்பா. நீங்க எல்லாம் போனப்புறம் இந்தப் பக்கம் கொட்டாய் போட்டு ஏழெட்டுப் பேரு இருந்தானுங்க, குலை வெட்ட வந்தவனுங்க. அவனுங்களுக்கும் முருங்கக்கா இல்லாம சோறு எறங்காதாம். எங்கிட்டதான் கிளை கேட்டு வாங்கிட்டுப் போனான். ரெண்டு வருசம் இருந்தான். ஊருல பொண்டாட்டி, ஒரு புள்ள." கையை விரித்தார். "போயிட்டான்."

"அப்ப எங்க வீடு?"

துணிப்பையால் எங்கோ ஒரு திசையைக் காட்டினார். அங்கே வரிசை தப்பாமல் செம்பனை. வேறு ஒன்றுமில்லை.

அவரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். கைப்பம்பில் நூறு பவுண்டு வேண்டிய இடத்தில் அறுபதுக்கு மேல் ஏறவில்லை. சைக்கிள் பின்பக்கம் சேற்றில் போகிற மாதிரி இழுத்தது. காராய் வரைக்கும் ஒரே யோசனை, அந்தப் பையனுடைய ஊரில் முருங்கைக்கு என்ன பெயர் சொல்வார்கள் என்று. கூட்டாளிகள் எனக்காகக் காத்திருந்து, அலுத்து, முன்னே போயிருந்தார்கள். அன்றைக்குக் கோலகங்சார் மரத்தைப் பார்க்கும் எண்ணமும் எனக்கு இல்லை. ஆற்றங்கரையில் அவர்களைப் பிடித்துவிட்டால் போதும்.

காராயில் பேராக் ஆற்றுக்கு மேலே விக்டோரியா பாலம். 1897-இல் தொடங்கி 1900-இல் முடித்த ஒற்றை ரயில்பாதை, செங்கல் தூண்கள் மேல் இரும்புச் சட்டங்கள், 350 மீட்டர் நீளம். ரயில் இப்போது பக்கத்தில் புதுப் பாலத்தில் போகிறது; பழைய பாலத்தின் ஓரத்து நடைபாதை மட்டும் ஊர்க்காரர்களுக்கு. எதிரே மோட்டார் வந்தால் கம்பியோடு கம்பியாக ஒட்டி நிற்க வேண்டும். கீழே ஆறு பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் மெல்லப் போகிறது.

பாலத்தின் பாதியில் எதிரே ஒரு மலாய்க்காரப் பெரியவர், வயதான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் ஆட்டுக்குப் புல்கட்டு. வழி விட நான் ஒதுங்கினேன். அவரும் நின்றார். என் சைக்கிளை மேலிருந்து கீழ் வரை நிதானமாகப் பார்த்தார். குனிந்து பின் டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"ஆங்கின் குராங்," என்றார். காற்று போதாது.

"யா, பாக்சிக்," என்றேன்.

புல்கட்டுக்குள் கைவிட்டு, துருப்பிடித்த ஒரு பம்பை உருவி என்னிடம் நீட்டினார். அதன் வாய் என் டியூபுக்குச் சேராது. இரண்டு பேரும் அதைக் கொஞ்ச நேரம் மாறி மாறி வைத்துப் பார்த்தோம்.