தியா

சென்னையில் கப்பலேறும் கார்கள் மெக்சிகோ, சிலி, பெரு வரைக்கும் போகின்றன. அந்தக் கார்களுக்கான காகிதங்களைத் தயார் செய்யும் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை. அந்த நாடுகளிலிருந்து வரும் கடிதங்களை நானே படிக்கலாமே என்று போன வருடம் இணையத்தில் ஸ்பானிய வகுப்பில் சேர்ந்தேன்.

இரண்டாவது வாரம் உறவுப் பெயர்கள். ராயபுரத்தில் நாங்கள் ஆயா என்று கூப்பிடுகிற பாட்டி, அபுவேலா. மாமியார், ஸ்வேக்ரா. தியா என்கிற ஒரே சொல்லில் அத்தை, சித்தி, பெரியம்மா, மாமி எல்லோரும் அடங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் அத்தை ஒருவர்தான். அம்மா போனபோது எனக்கு ஆறு வயது. அப்பாவின் அக்கா காசிமேட்டில் விடியும் முன்னே ஏலத்தில் மீன் எடுத்து, கூடை சுமந்து விற்று, என்னை பி.காம். வரை படிக்க வைத்தார்.

"உனக்குத் தியா உண்டா?" என்று ஆசிரியை கேட்டார். உண்டு என்றால் அடுத்த கேள்வி அவர் என்ன வேலை செய்கிறார் என்பதுதான். எனக்கு முன்னால் பேசியவர்களின் அத்தைகளில் ஒருவர் டாக்டர், ஒருவர் வங்கி மேலாளர். மீன் விற்கும் பெண்ணுக்குப் பெஸ்கதேரா என்று பெயர். முந்தின இரவே பார்த்து வைத்திருந்தேன். நீரில் நீந்தும் மீன் பெஸ், பிடித்துக் கரைக்கு வந்தால் பெஸ்காதோ என்பது வரைக்கும் படித்திருந்தேன். சொல் கிடைக்காமல் நான் தடுமாறவில்லை. "நோ தெங்கோ தியா" என்றேன். எனக்கு அத்தை இல்லை.

அத்தை அப்போது இரண்டடி தள்ளி, அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தார். வகுப்பு முடிந்ததும் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தார்.

"தியா தியான்னு சொன்னியே, அது இன்னாடா கண்ணு?"

"அத்தைன்னு அர்த்தம்."

"என்னப் பத்தியா கேட்டாங்க? சொன்னியா?"

"சொன்னேன் அத்தை."

அந்தச் சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. முதல் பொய்யைவிட இந்த இரண்டாவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுத் தூக்கோடு காசிமேட்டுக்குப் போனேன். பக்கத்துக் கடை அக்கா என்னைப் பார்த்ததும், "உன் தியாவுக்குச் சோறு எடுத்துனு வந்தியா?" என்று கேட்டார். அத்தை வஞ்சிரம் வெட்டிக்கொண்டே தலை நிமிராமல் சிரித்தார். தூக்கைப் பலகையில் வைத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று சொல்லித் திரும்பினேன். வேலை எதுவும் இல்லை.